தமக்கையார் பாய்க்கப்பல் ஏறினார்

மும்பையில் ரயில்வே முன்பதிவுக் கவுண்ட்டர் ஒன்றின் பின்னே அமர்ந்து நாம் ஊதியம் பெறத் தொடங்கி 16 ஆண்டுகள் ஆகின்றன. தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானதால், கருணை அடிப்படையில் கிடைத்த உத்தியோகம் அது. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட நமக்கு அது கிடைக்கட்டுமென்று விட்டுக்கொடுத்தவர் நம் தமக்கையார். அவர் செவிலியர் பயிற்சி முடித்து ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். தம்பியின் திருமணம், தாயாரின் கண் சிகிச்சை, டோம்பிவலியில் வாங்கிய வீட்டின் கடன் எல்லாவற்றிலும் அவர் சம்பாத்தியம் கலந்திருக்கிறது. அவர் மட்டும் மணம் செய்துகொள்ளவில்லை. இப்போது வயது 42.

கவுண்ட்டரில் நமக்கொரு வழக்கம் உண்டு. பெண்பிள்ளை ஒருத்தி தன் பெயரை மட்டும் எழுதிப் படிவத்தை நீட்டினால், "தனியாகவா?" என்று ஒரு கேள்வி நம் வாயிலிருந்து வந்துவிடும். படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளின் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென்றே ஆறு படுக்கைகள் ஒதுக்கப்பட்டிருப்பதும், ஆண் துணையின்றிச் செல்லும் பெண் பயணச்சீட்டு இல்லாமல் அகப்பட்டால்கூட, இரவில் அவளை வழியில் இறக்கிவிடக் கூடாதென்று 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 139-ஆம் பிரிவு கூறுவதும் நாம் அறிந்தவையே. சட்டம் அவ்வளவு தூரம் எண்ணிப் பார்த்திருக்கிறது. ஆயினும் நாம் கேட்காமல் இருந்ததில்லை. அதை அக்கறை என்றே கருதி வந்தோம்.

2025-ஆம் ஆண்டு ஜனவரியில் ஓர் இரவு, உணவு பரிமாறிக்கொண்டே தமக்கையார் செய்தியைச் சொன்னார். தாய்லாந்து நாட்டில் புக்கெட் தீவுக்குப் போய், அங்கிருந்து பாய்க்கப்பலில் ஐந்து இரவுகள் கடலில் தங்கப் போகிறாராம். அடுத்த மாதமே புறப்பாடு.

"யாரோடு?" என்றார் அம்மா.

"அங்கே போனால்தான் தெரியும், அம்மா. ஏழெட்டுப் பேர் வருவார்கள்."

அம்மாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

இத்தகைய பிரயாணம் இன்னதென்று நமக்கும் அன்றுவரை தெரியாது. சுமார் 40 அடி நீளமுள்ள கப்பல். நான்கைந்து சிறிய அறைகள். செலுத்துவதற்கு ஒரு தலைவர். ஒருவரையொருவர் அறியாதவர்கள் பணம் கட்டி வந்து சேர்கிறார்கள். பாய் ஏற்றவும், கயிறு இழுக்கவும், சமைக்கவும் எல்லாரும் கை கொடுக்க வேண்டும். துணைக்கு ஆள் கிடைக்காதவர்களே இவற்றில் மிகுதியாகச் சேர்கிறார்களென்றும், அவர்களில் தனியே வரும் பெண்கள் கணிசமானவர்களென்றும் தமக்கையார் விளக்கினார். உடன் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி முந்திய ஆண்டு போய் வந்தவளாம்.

நாம் மறுத்தோம். "ரயிலில் ஆபத்தென்றால் இழுப்பதற்குச் சங்கிலி இருக்கிறது. நடுக்கடலில் எதை இழுப்பாய்?" என்று கேட்டோம். நல்ல கேள்வி கேட்டுவிட்டதாகவே நமக்குத் தோன்றியது.

அவர் வாதம் செய்யவில்லை. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். நம் கடற்படையின் தாரிணி என்னும் பாய்க்கப்பலில் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும், கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும், இரண்டே பெண்கள், 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டிருந்தார்கள். நாம் சோற்றுத் தட்டின் முன் வாதிட்டுக்கொண்டிருந்த அந்நாளில், அவர்கள் நியூசிலாந்தைத் தாண்டிப் பசிபிக் கடலின் தென்கோடியில் இருந்தனர்.

"அவர்கள் கடற்படைக்காரர்கள். துப்பாக்கி வைத்திருப்பார்கள்," என்றார் அம்மா.

தமக்கையார் சிரித்துவிட்டார். பிப்ரவரியில் போயும்விட்டார். புறப்படுமுன் அவர் நிரப்பிய படிவம் மேசைமேல் கிடந்தது. அவசரத்தில் தகவல் தெரிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில் தோழியின் பெயர் இருந்தது. நாம் அதைப் பார்த்தோம், ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது. உள்ளங்கையில் கயிறு உராய்ந்த தழும்பு. இருபது ஆண்டுகளாக இரவுப் பணி பார்த்த கண்களில் அப்படியொரு தெளிவை நாம் கண்டதில்லை. பாங்ஙா வளைகுடாவில் கடலுக்குள்ளிருந்தே செங்குத்தாக எழும்பும் சுண்ணாம்புப் பாறைத் தீவுகளைப் பற்றிப் பேசினார். அவற்றுள் சிலவற்றின் வயிற்றில் வானம் பார்த்த குளங்கள் இருக்கின்றனவாம். ஹோங் என்று பெயர். தாய் மொழியில் அறை என்று பொருள். கடல் ஏற்ற இறக்கத்தின் கணக்குப் பார்த்து, சிறு படகில் மல்லாந்து படுத்துக் குகை வழியே நுழைய வேண்டும். தவறிய நேரத்தில் நுழைந்தால் வழி அடைபட்டுவிடும். நிலவில்லாத ஓர் இரவில் நீருக்குள் கையை விட்டபோது, விரல்களைச் சுற்றி நீலப்பொறி பறந்ததாம். நுண்ணுயிர்கள் கலங்கும்போது உமிழும் ஒளி அது. ஒரு பிற்பகல் முழுவதும் சுக்கான் அவர் கையில் இருந்தது. "இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பாயை மட்டும் விட்டால் வருகிற அமைதி இருக்கிறதே, தம்பி, அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை," என்றார்.

இவ்வளவும் கேட்டு மகிழ்ந்தோம். மூன்று மாதம் கழிந்தது. மே 29-ஆம் நாள் தாரிணி கோவாவுக்குத் திரும்பிய காட்சியைத் தொலைக்காட்சியில் நாமிருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, மிச்சக் கதையைச் சொன்னார்.

பணம் கட்டியபோது, தனியே வரும் பெண்ணுக்கு இன்னொரு பெண்ணோடுதான் அறை என்று வாக்களித்திருந்தார்கள். கப்பலுக்குப் போனால், அந்தப் பெண் வரவில்லை. அவளிடத்தில் ஓர் ஆடவரைப் போட்டிருந்தார்கள். கரையிலிருந்த முகவர், சற்று அனுசரித்துக்கொள்ளுங்கள் என்றாராம். தமக்கையார் பெட்டியைத் தரையில் வைத்து, அதன்மேல் அமர்ந்துகொண்டார். அறை மாறாமல் கப்பலும் தான் இல்லாமல் போகலாமென்றார். ஒரு மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறார். தனியே வந்திருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆஸ்திரேலிய ஆசிரியை, கூடுதல் பணம் கட்டித் தனக்கென எடுத்திருந்த அறையில் இவரைச் சேர்த்துக்கொண்டார். மூன்றாம் இரவு வேறொருவர் குடித்துவிட்டு, சிறு படகை எடுத்துக்கொண்டு கரைக்குப் போகலாம் வா என்று கதவைத் தட்டியிருக்கிறார். கப்பல் தலைவர் எழுந்து வந்து அவரை அழைத்துப்போனதோடு, அப்படகின் இயந்திரச் சாவியைத் தம் கழுத்தில் மாட்டிக்கொண்டு படுத்தாராம். மறுநாள் காலையில் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வைத்தார்.

"அன்றே ஏன் சொல்லவில்லை?" என்று நாம் சினந்து கேட்டோம்.

"சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?"

நமக்கு விடை தெரியும். அவருக்கும் தெரியும். கப்பலில் அவர் அஞ்சியது ஒரு மணி நேரம். நம்மை அஞ்சியது மூன்று மாதம். தனியாகவா என்று நாம் கேட்ட பெண்கள் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் எதையெதை மறைத்தார்களோ என்ற எண்ணம் அன்றிரவு நம்மை உறங்க விடவில்லை.

அதன் பிறகு அவரிடம் விவரமாகவே கேட்டறிந்தோம். நம் சங்கத்துச் சகோதரிகளுக்கும் பயன்படுமென்பதால் சிலவற்றை எழுதுகிறோம். அறை யாரோடு, கதவுக்குத் தாழ் உண்டா, உடன் வருபவர் வராவிட்டால் என்ன ஏற்பாடு என்பனவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். வாய்ச்சொல் துறைமுகத்தில் கரைந்துவிடும். கப்பல் தலைவரின் சான்றிதழைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்லவர் தாமே எடுத்துக் காட்டுவார். ஏறியவுடன் உயிர்காப்புச் சட்டையை உடம்புக்கு இறுக்கிப் போட்டுப் பார்க்க வேண்டும்; கால்களுக்கிடையே வரும் பட்டையைக் கட்டாவிட்டால் நீரில் அது தலைக்குமேல் கழன்று மிதக்கும். பாயின் அடியில் கிடக்கும் பூம் என்னும் மரம் காற்று மாறினால் சடாரென்று மறுபுறம் வீசும். தலையை அது பார்க்காது. யாரேனும் கடலில் விழுந்தால், மற்றவர் என்ன செய்தாலும், ஒருவர் மட்டும் விழுந்தவரைச் சுட்டிய விரலை இறக்கவே கூடாது. அலை நடுவே ஒரு தலையை ஒருமுறை தவறவிட்டால் மீண்டும் காண்பது அரிது. குமட்டலுக்கான மாத்திரையைக் குமட்டல் வருமுன்னரே விழுங்க வேண்டும். இதைச் செவிலியராகவே சொன்னார்.

நாம் கேட்ட சங்கிலிக்கும் விடை கிடைத்தது. எல்லாக் கப்பலிலும் ரேடியோ ஒன்று உண்டு. அதன் 16-ஆவது அலைவரிசையை அண்டையிலுள்ள கப்பல்களும் கரைக்காவலரும் கேட்டுக்கொண்டிருப்பர். அதை இயக்கும் விதத்தை முதல்நாளே கற்றுக்கொண்டாராம்.

அம்மாவுக்கு இவை எதுவும் சமாதானம் அளிக்கவில்லை. நாம் நூலகத்தில் படித்த ஒரு செய்தியே அளித்தது. அந்தப் பாங்ஙா மாகாணத்திலேயே தக்குவாப்பா என்னுமிடத்தில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தை வெட்டி, மணிக்கிராமத்து வணிகரின் பாதுகாப்பில் விட்டதை அது கூறுகிறது. "அப்படியானால் நம்மவர்கள் போன இடந்தானே! முதலிலேயே சொல்லக் கூடாதா?" என்றார் அம்மா. அவ்வணிகர்கள் ஆண்களாயிற்றே என்று நாம் சொல்லப்போகவில்லை.

வரும் பிப்ரவரியில் தமக்கையார் மறுபடியும் போகிறார். இம்முறை தனியறைக்கே பணம் கட்டியிருக்கிறார். சென்ற ஞாயிறன்று படிவத்தை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார்.

"தம்பி, உன் புதிய கைப்பேசி எண்ணைச் சொல். அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் என்று ஓர் இடம் இருக்கிறது."

எண்ணைச் சொன்னோம். ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து எழுதிக்கொண்டார்.