அன்னையின் பல்லும் மண்டைக்காட்டு மணலும்

சென்ற விடுமுறையில் நாங்கள் பாறசாலைக்குச் சென்றபோது, எங்கள் அன்னையார் முந்தானையால் வாயை மறைத்தே பேசினார். பாக்கைக் கடித்தபோது பழைய பீங்கான் பல் உடைந்ததாம். பிள்ளைகளுக்குச் செலவாகுமே என்று ஓராண்டாகச் சொல்லவில்லை. கேட்டுத் தலைகுனிந்தோம்.

நெய்யாற்றின்கரையில் பல் மருத்துவர் ஒருவர் சிர்க்கோனியா உறை பொருத்தலாம் என்றார்.

"இதுவாவது உடையாமல் இருக்குமா, டாக்டர்?" என்றார் அன்னையார்.

அவர் அளித்த விளக்கம் அன்பர்களுக்கும் பயன்படும். வளைத்து முறிக்கும் சோதனையில் பழைய பீங்கான் ஏறத்தாழ 100 மெகாபாஸ்கல் அளவிலேயே முறியும்; வலுமிக்க வகைச் சிர்க்கோனியா 900-ஐயும் தாங்கும். அதில் கீறல் விழுந்தால், அவ்விடத்துத் துகள்கள் அமைப்பு மாறிச் சுமார் 4 விழுக்காடு பருத்து, கீறலை நெருக்கி நிறுத்துகின்றன. ஆஸ்திரேலிய ஆய்வாளர் மூவர் 1975-இல் இவ்வியல்பை விளக்கி, அப்பொருளை எஃகோடு ஒப்பிட்டனர்.

சிர்க்கோனியாவுக்கு மூலமான சிர்க்கான், 1956-இல் சென்னை மாநிலத்தோடு இணைந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் உண்டு. மண்டைக்காட்டுக் கொடைக்கு அன்னையார் கைபிடித்துச் சென்று நாங்கள் மிதித்த கடற்கரையும் அதுவே!

"உறை எளிதில் உடையாது, அம்மா. உள்ளிருக்கும் பல் சொத்தையானால் உறையால் என்ன பயன்? இருவேளையும் துலக்குங்கள், பாக்கை விடுங்கள்" என்றார் மருத்துவர்.

இன்று அன்னையார் வாய்விட்டுச் சிரிக்கிறார். அன்பர்களே, ஊருக்குப் பேசும்போது, பணம் வந்ததா என்பதோடு நில்லாமல், பல் வலிக்கிறதா என்றும் கேளுங்கள்.