செவ்வியும் செவியும்

புகழ்பெற்றோரை நேரிற் கண்டு உரையாடி, அவ்வுரையாடலை உலகறியச் செய்யும் கலைக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. நாளிதழ்கள் அதனைப் பேட்டி என்கின்றன. கல்வியுலகம் நேர்காணல் என்கின்றது. ஈழத்துத் தமிழர் செவ்வி என்பர். இம்மூன்றனுள் நம் நெஞ்சைக் கவர்ந்தது மூன்றாவது சொல்லே. தக்க காலம், பருவம், காட்சி எனச் செவ்விக்குப் பல பொருள்கள் உண்டு. வள்ளுவப் பெருந்தகை வெருவந்தசெய்யாமை என்னும் அதிகாரத்தில், அரசனைக் காணும் வாய்ப்பு என்ற பொருளில் இச்சொல்லை ஆண்டிருக்கின்றார். காண்டற்கு அரியவரைக் காணும் வாய்ப்பு. அதுவும் காலமறிந்து காணும் வாய்ப்பு. நடிகர், வீரர், அரச குடும்பத்தார் முதலியோரின் நேர்காணல்கள் தரம் தாழ்ந்துவிட்டனவா என்று வாசகர்கள் வழக்காடுவதைக் கேட்குந்தோறும் இப்பழஞ்சொல்லே நம் நினைவிற்கு வருகின்றது.

வழக்கில் இரு கட்சிகள் உள. வினவுவோர் பல்லக்குத் தூக்கிகள் ஆகிவிட்டனர், உமக்குப் பிடித்த உணவு யாது என்பதற்கு மேல் அவர்தம் நா எழுவதில்லை என்று ஒரு கட்சியார் குறைகூறுவர். வினவுவோர் வரம்பு கடந்துவிட்டனர், அழைத்த விருந்தினரை அவையில் அமர்த்தி அவமதிக்கின்றனர் என்று மறு கட்சியார் வருந்துவர். இரு சாராரும் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றே. கேள்வி சுடுகிறதா, குளிர்கிறதா என்பதே அது. நாம் இவ்விரு கட்சியிலும் சேர்ந்தோமல்லோம். வினவியவர் வென்றாரா, தோற்றாரா என்று பார்ப்பதே நம் வழக்கம். அவர் தோற்ற இடங்களிலேதான் நமக்குக் கிடைத்தவை மிகுதி.

குளிர்ந்த நேர்காணல்கள் எவ்வாறு பெருகின என்பதற்கு விளக்கம் எளியது. ஆங்கிலத் திரையுலகில் ஒரு படம் வெளிவருமுன் நட்சத்திரத்தை ஒரு விடுதியறையில் அமரவைத்துப் பத்திரிகையாளரை ஒருவர்பின் ஒருவராக உள்ளே விடுவர். ஒவ்வொருவருக்கும் கிடைப்பன சில நிமிடங்களே. விளம்பர அலுவலர் அருகிலேயே காத்திருப்பார். 1999-இல் வெளிவந்த 'நாட்டிங் ஹில்' படத்தில், பத்திரிகையாளர் எனத் தவறாகக் கருதப்பட்ட புத்தகக் கடைக்காரர் ஒருவர், தாம் 'ஹார்ஸ் அண்ட் ஹவுண்ட்' இதழிலிருந்து வருவதாகக் கூறிவிட்டு, விண்வெளியில் நிகழும் கதையில் குதிரைகள் உண்டா என்று கேட்கும் காட்சி இவ்வழக்கத்தை நன்றாகவே எள்ளி நகையாடுகின்றது. இங்கே நடைபெறுவது விற்பனை. இதில் செவ்வியும் இல்லை, செவியும் இல்லை. இதனைப் பற்றி மேலும் பேசுவது வீண்.

உண்மையான செவ்விக்கு வருவோம். பிரித்தானியத் தொலைக்காட்சியில் 1971 முதல் 1982 வரையிலும், பின்னர் 1998 முதல் 2007 வரையிலும் தம் பெயராலேயே ஒரு நிகழ்ச்சியை நடத்தியவர் மைக்கேல் பார்க்கின்சன். யார்க்ஷயர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மைந்தர், செய்தித்தாள் நிருபராகத் தொடங்கியவர், 2023-இல் மறைந்தார். அவர் குத்துச்சண்டைப் பெருவீரர் முகம்மது அலியை நான்கு முறை நேர்கண்டார். அப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. நாம் அவற்றைப் பலமுறை கண்டிருக்கின்றோம்; காணும்போதெல்லாம் புதிதாக ஏதேனும் ஒன்று புலப்படுகின்றது.

முதல் சந்திப்பு 1971-இல் நிகழ்ந்தது. வியட்நாம் போருக்குச் செல்ல 1967-இல் மறுத்தமையால் பட்டம் பறிக்கப்பட்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் களம் காண இயலாதிருந்தவர் அலி. 1971 மார்ச்சில் ஜோ பிரேசியரிடம் தோற்றார். அவ்வாண்டு ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்மீதான தண்டனையை நீக்கியது. தோல்வியும் விடுதலையும் ஒருசேரப் பெற்ற சில திங்களில் அவர் அந்த அரங்கில் வந்து அமர்ந்தார். தேவதூதர் முதல் காட்டுக்கு அரசனான டார்சான் வரை யாவரும் ஏன் வெள்ளை நிறத்தராகக் காட்டப்படுகின்றனர் என்று சிறுவயதில் தம் தாயிடம் கேட்டதை அவர் அங்கே விவரித்தார். தேவதையின் பெயர் பூண்ட கேக் வெண்மை, சாத்தானின் பெயர் பூண்ட கேக் கருமை என்று அடுக்கிக்கொண்டே சென்றார். அவையோர் வாய்விட்டுச் சிரித்தனர். சிரித்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையரே. நிறவெறியைப் பற்றி நூறு சொற்பொழிவுகள் ஆற்றாத வேலையை அந்தச் சில நிமிடங்கள் ஆற்றின. அப்போது பார்க்கின்சன் செய்தது என்ன? ஏறத்தாழ ஒன்றுமில்லை. அடுத்த கேள்வியைச் செருக வாய்ப்பிருந்தும் அவர் செருகவில்லை.

1974-இல் நிகழ்ந்த சந்திப்போ இதற்கு நேர்மாறானது. அவ்வாண்டு அக்டோபரில் கின்ஷாசா நகரில் ஜார்ஜ் போர்மனை வீழ்த்தி அலி பட்டத்தை மீட்டிருந்தார். பட் சூல்பெர்க் என்னும் எழுத்தாளரின் நூலொன்றை எடுத்துக்காட்டி, வெள்ளையரைப் பற்றி அலி கூறிவந்த கருத்துகளுக்கும் அவரைச் சூழ்ந்திருந்த வெள்ளை நண்பர்களுக்கும் இடையிலுள்ள முரண்பாட்டைப் பார்க்கின்சன் வினவினார். அலி வெகுண்டார். தொலைக்காட்சியில் தம்மைச் சிக்கவைக்கும் அறிவு வினவியவருக்கு இல்லை என்று முகத்துக்கு நேரே உரைத்தார். அரங்கின் காற்றே மாறிவிட்டது. வினவியவர் குறுக்கிட முயன்றார்; பயன் விளையவில்லை.

இந்தப் பகுதியைக் குறித்து நம் துறையின் ஓய்வறையில் ஒரு பிற்பகல் முழுதும் சொற்போர் நடந்ததுண்டு. வயதில் மூத்த பேராசிரியப் பெருமக்கள், விருந்தினரை அழைத்து வைத்து நூலை நீட்டி மடக்கப் பார்த்தது முறையன்று என்றனர். இளைய ஆசிரியர்கள், கேட்டது நியாயமான கேள்வி, விடையிறுக்காமல் சினந்ததே முறையன்று என்றனர். கேள்வி நியாயமானது என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் சினத்தை விடையன்று என்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை. எழுத்துகளைப் படிப்பதில் இளமை முதலே இடர்ப்பட்டவர் அலி. படித்தவர் ஒருவர் அச்சிட்ட நூலை ஏந்தி அவர்முன் அமர்ந்தபோது, களத்தில் எவருக்கும் அஞ்சாத அம்மனிதர் எதனைக் கண்டு சீறினார் என்பதை அந்தச் சில நிமிடங்கள் காட்டிவிடுகின்றன. அமைதியாகச் சொல்லப்பட்ட எந்த விடையும் அதனைக் காட்டியிராது. நான்கு சந்திப்புகளிலும் தாம் தோற்றதாகவே பார்க்கின்சன் பிற்காலத்தில் கூறிவந்தார். அவருடைய வாழ்நாளின் சிறந்த மணித்துளிகள் எவை என்று கேட்டால் மக்கள் முதலில் சுட்டுவது அந்தத் தோல்விகளைத்தான்.

அவர் வென்ற இடத்தையும் பார்த்தல் வேண்டும். 2003-இல் 'இன் த கட்' என்னும் படத்தையொட்டி நடிகை மெக் ரையன் அவர் முன் வந்தமர்ந்தார். ஒற்றைச் சொல் விடைகள், நீண்ட மௌனங்கள். இதழியல் பயின்ற நீர் என் இடத்தில் இருந்தால் இப்போது என்ன செய்வீர் என்று பார்க்கின்சன் கேட்டார். முடித்துவிடுவேன் என்னும் கருத்தில் அம்மையார் விடையளித்தார். அந்தப் பதிவைக் கண்டு நடிகையின் செருக்கைப் பழித்தோர் பலர். அன்றைக்கு அவையின் மனம் வினவியவர் பக்கமே இருந்தது. பின்னாளில் அம்மையார், கண்டிக்கும் தந்தையின் முன் அமர்ந்தது போன்ற உணர்வு தமக்கு ஏற்பட்டதாகக் கூறினார். பார்க்கின்சனும் 2021-இல், தாம் சினந்திருக்கக் கூடாது, மேலும் பண்போடு நடந்திருக்க வேண்டும் என்று வருந்தினார். வென்றவர் பதினெட்டு ஆண்டுகள் கழித்து வருந்திய வெற்றி! அந்த மணித்துளிகளில் மெக் ரையனைப் பற்றியோ அவரது கலையைப் பற்றியோ நாம் அறிந்துகொண்டது எள்ளளவும் இல்லை. (1975-இல் நடிகை ஹெலன் மிர்ரனிடம் அவரது உடலமைப்பு நடிப்புக்குத் தடையாகின்றதா என்று இதே பெரியவர் வினவியதும், அம்மையார் நிமிர்ந்து நின்று அக்கேள்வியையே கேள்விக்கு உள்ளாக்கியதும் இத்துடன் சேர்த்துப் பார்க்கத் தக்கன. அங்கே அவர் தோற்றார். நமக்கு ஹெலன் மிர்ரன் யாரென்று தெரிந்தது.)

நம் மாணவர்களிடையேயும் இதன் சிறு வடிவத்தைக் கண்டதுண்டு. மலர் ஒன்றுக்காக முதுபெரும் புலவர் ஒருவரை நேர்காண மூவர் சென்றனர். இருபது வினாக்களை அழகிய கையெழுத்தில் எழுதி எடுத்துச் சென்றிருந்தனர். திரும்பி வந்ததும் ஒலிநாடாவை ஓடவிட்டுக் கேட்டோம். ஏழாவது வினாவுக்கு விடையளிக்கும்போது அப்பெரியவர், இடையில் பதினோராண்டுகள் தாம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று மெல்லிய குரலில் சொல்லி நிறுத்துகின்றார். நாடாவில் மின்விசிறியின் ஓசை கேட்கின்றது. பின்னர் ஒரு தொண்டைச் செருமல். அடுத்து மாணவரின் குரல்: "ஐயா, எட்டாவது கேள்வி. இன்றைய இளைஞர்களுக்குத் தாங்கள் கூறும் அறிவுரை யாது?" அவர் அறிவுரை கூறினார், அது மலரிலும் அச்சாயிற்று. அப்பதினோராண்டுகள் மட்டும் அச்சாகவில்லை. அவர் இன்று நம்மிடையே இல்லை.

வினாக்களை முன்கூட்டி ஆயத்தம் செய்வது தவறென்று நாம் கூறவில்லை. பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூபோ 1962 ஆகஸ்டில் ஆல்பிரட் ஹிட்ச்காக்கை ஒரு கிழமை முழுதும் நேர்கண்டபோது, அவருடைய படங்களைக் காட்சி காட்சியாக மனத்திலிருத்திக்கொண்டு சென்றார். இடையில் மொழிபெயர்க்க ஹெலன் ஸ்காட் என்னும் அம்மையார் அமர்ந்திருந்தார். 1966-இல் நூலாக வெளிவந்த அவ்வுரையாடல், வெறும் பொழுதுபோக்காளர் என்று பலரும் கருதிய ஒருவரைத் தேர்ந்த கலைஞராக உலகம் எண்ணச் செய்தது. அங்கே ஆயத்தம் இருந்தது. ஆனால் கையிலிருந்த தாளுக்காக எதிரிலிருந்த மனிதரைக் கைவிடும் அவசரம் இல்லை.

இனி ஒரு கடினமான வழக்கு. 1995 நவம்பர் 20 அன்று இளவரசி டயானா பி.பி.சி. தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சியில் மார்ட்டின் பஷீருக்கு அளித்த நேர்காணலை அந்நாட்டில் மட்டும் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் கண்டனர். குறைந்த வினாக்கள், தாழ்ந்த குரல், நீண்ட செவிசாய்ப்பு என நாம் மேலே போற்றிய பண்புகள் யாவும் அதில் உண்டு. நெடுங்காலம் அதனை இக்கலையின் கொடுமுடியாகப் போற்றினர். ஆனால் அந்தச் செவ்வியைப் பெறுவதற்காக, பொய்யாகப் புனையப்பட்ட வங்கிக் கணக்குத் தாள்கள் இளவரசியின் உடன்பிறந்தாரிடம் காட்டப்பட்டன என்பதை 2021-இல் டைசன் பிரபுவின் விசாரணை அறிக்கை உறுதி செய்தது. அந்நிகழ்ச்சியை இனி ஒளிபரப்புவதில்லை என்று பி.பி.சி. 2022-இல் அறிவித்தது. டயானா கூறியவை பொய்யாகிவிடவில்லை. அவர் தம் உள்ளத்தைத் திறந்ததும் உண்மையே. எனினும் கதவு திறந்த விதம் தெரிந்தபின், உள்ளே கேட்ட சொற்களை முன்போல் கேட்க நம்மால் கூடவில்லை. ஒரு நேர்காணலின் தரம் முதல் வினாவுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றது. நன்றாக இருந்ததா இல்லையா என்று மட்டும் கேட்கும் வாசகர் இதனைக் காண்பதில்லை.

காலத்தால் இவர்கள் அனைவருக்கும் முற்பட்டவர் ஜான் பிரீமன். 1959 முதல் 1962 வரை பி.பி.சி.யில் 'பேஸ் டு பேஸ்' என்னும் நிகழ்ச்சியை நடத்தினார். கார்ல் யுங், பெர்ட்ரண்ட் ரசல் போன்ற பேரறிஞர்கள் அவர்முன் அமர்ந்தனர். அந்நிகழ்ச்சியில் ஒரு புதுமை. ஒளிப்படக் கருவி விருந்தினரின் முகத்தையே நோக்கும். வினவுபவரின் முதுகோ தோளோதான் தென்படும். தம் முகத்தைத் தாமே மறைத்துக்கொண்ட நேர்காணலர்! இந்நாளில் வினவுவோர் தம் முகத்தை எத்துணைப் பெரிதாகக் காட்டுகின்றனர் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

1960-இல் கில்பர்ட் ஹார்டிங் அவர்முன் அமர்ந்தார். சிடுசிடுப்புக்குப் பெயர்போன தொலைக்காட்சிப் புகழாளர் அவர். ஒருவர் இறக்கும் தறுவாயில் உடனிருந்ததுண்டா என்று பிரீமன் அமைதியாக வினவினார். ஹார்டிங்கின் கண்கள் கலங்கின; தம் தாயாரின் மறைவு அவர் நினைவில் எழுந்தது. கருவி அசையாமல் அந்த முகத்திலேயே நின்றது. அவ்வாண்டு நவம்பரிலேயே ஹார்டிங் இறந்துபோனார். அந்த வினா கொடுமையா, கலையா என்ற வழக்கு அன்று எழுந்து இன்றளவும் தீரவில்லை. நம் வகுப்பில் இதனைக் கூறியபோதும் மாணவர்கள் இரு கூறாகப் பிரிந்தனர். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அவர் அழுதபோது கேள்வி கேட்டவர் முகம் எப்படி இருந்தது, ஐயா?" என்று கேட்டார். அதுதான் திரையில் இல்லை என்று விடையளித்தோம்.

பிரீமன் அந்நிகழ்ச்சியை விடுத்தபின், 1965 முதல் 1968 வரை இந்தியாவில் பிரித்தானிய உயர் ஆணையராகவும், அடுத்து அமெரிக்காவில் தூதராகவும் பணியாற்றினார். 2014-இல் தம் 99-ஆம் அகவையில் மறைந்தார். உலகப் பெரியோர் பலரின் உள்ளத்தைத் திறந்து காட்டிய அவர், தம்மைப் பற்றி வினவ வந்தோரைக் கடைசிவரை பெரிதும் தவிர்த்தே வாழ்ந்தார்.