எழுபது வளைவும் ஒரு டக்டக்கும்

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி வரைக்கும் ரோடு ரொம்ப சாது. அதற்கப்புறம்தான் கொல்லிமலை தன் வேலையைக் காட்டும். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். பின் சீட்டில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வருகிறவர்களுக்கு, இன்னும் எத்தனை பாக்கி என்று சொல்லும் அந்த நம்பர்தான் ஒரே ஆறுதல்.

இந்த மலையைக் காப்பவள் கொல்லிப்பாவை. சிரித்தே ஆளை மயக்கிக் கொன்றுவிடுவாள் என்று கதை. எனவே பதினோராவது வளைவில் காருக்கு அடியில் 'டக்.. டக்.. டக்..' என்று சலங்கைச் சத்தம் கேட்டபோது, என் மனைவி சந்தேகப்பட்டது பாவையைத்தான். நான் சந்தேகப்பட்டது பதினாறு வயதான எங்கள் காரை.

நேரே போனால் சத்தமில்லை. வலது பக்கம் திரும்பினால் டக்டக். இடது பக்கம் திரும்பினால் கப்சிப். சமவெளியாக இருந்தால் இதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகியிருக்கும். இங்கே ஒரு வலது, ஒரு இடது என்று ரோடே மாற்றி மாற்றிப் பரிசோதனை நடத்திவிடுகிறது. பி.காம். படித்தவன் புத்தி எங்கே போகும்? பற்று, வரவு மாதிரி நோட்டில் இரண்டு பத்தி கோடு போட்டு, சத்தம் வரும்போதெல்லாம் 'டிக்' அடிக்கச் சொல்லி மகளிடம் கொடுத்தேன். நாற்பதாவது வளைவு வருவதற்குள் வலது பத்தி நிரம்பிவிட்டது. இடது பத்தி காலி.

செம்மேட்டில், வல்வில் ஓரி சிலைக்குக் கொஞ்சம் தள்ளி, வாடகை ஜீப் ஓட்டுகிற ஒருவர் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் நேராக இடது முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து செல்போன் லைட்டை அடித்தார்.

"கிரீஸ் பூரா ரிம்முல அடிச்சிருக்குதுங்க. பூட்டு கிழிஞ்சிருச்சு."

"பூட்டு எப்படிங்க கிழியும்?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி.

அவர் சொன்னது 'பூட்'. ஹார்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறை. வலது பக்கம் திரும்பும்போது சத்தம் வந்தால் இடது சக்கரத்தை ஏன் பார்க்க வேண்டும்? "திரும்பறப்ப பாரம் வெளிச் சக்கரத்துக்குத்தானுங்க போவும்" என்றார். அநேகமாக எல்லாக் கார்களிலும் கணக்கு இதுதானாம்.

லாரி, அம்பாஸிடர் எல்லாம் பின் சக்கரத்தால் தள்ளுகிற ஜாதி. முன் சக்கரத்துக்குத் திரும்புகிற வேலை மட்டும். முன் சக்கரமே இழுக்கிற கார்களில் அது திரும்பவும் வேண்டும், எஞ்சின் சக்தியை வாங்கிச் சுழலவும் வேண்டும். அதற்காக அச்சின் முனையில் இருப்பது சி.வி. ஜாயின்ட். பள்ளம் வெட்டிய ஒரு கிண்ணம், அதற்குள் பெரும்பாலும் ஆறு எஃகு குண்டுகள். ஆல்ஃபிரெட் ரெசெப்பா என்ற எஞ்சினியர் 1920-களிலேயே உருவாக்கியது. 1959-ல் இங்கிலாந்தின் மினி காரில் ஏறி, 1983 கடைசியில் வந்த மாருதி 800-ஓடு நம்மூர்த் தெருக்களுக்கும் வந்துவிட்டது. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே, மண்ணும் தண்ணீரும் உள்ளே. பள்ளம் தேயும். தேய்ந்த பள்ளத்தில் குண்டு எகிறுகிற சத்தம்தான் நம்ம டக்டக்!

"இப்படியே இறங்கலாமா?" என்றேன்.

"எறங்கறப்ப எஞ்சின் இழுக்காது, சத்தம் கம்மியா இருக்கும். செரியாயிருச்சுன்னு நெனச்சுராதீங்க. ஜாயின்ட் விட்டுப்போச்சுன்னா பிரேக் இருக்கும், ஆனா கியர்ல வண்டி நிக்காது. இந்த மலைய பிரேக்கை மட்டும் நம்பி எறங்கக் கூடாதுங்க." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தார். "ஸ்டீரிங்க முழுசா ஒடிச்சு வெச்சுட்டு ஆக்ஸிலேட்டர மிதிக்காதீங்க. மெதுவா நாமக்கல் வரைக்கும் போலாம். சென்னை வரைக்கும் வேண்டாம்."

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி ஏறியது, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டது எல்லாம் அவருடைய ஜீப்பில். மறுநாள் காலை மனைவியையும் மகளையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். "ஏங்க, இன்ஷூரன்ஸ் பேப்பர் எந்த பீரோவுல இருக்கு?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள். இரண்டாவது கியரில் 70 வளைவும் தனியாக இறங்கினேன். சத்தமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

சென்னையில் வழக்கமாக விடுகிற ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டேன். "ரெண்டு பக்க ஆக்ஸில், ஸ்டீரிங் ராக்.. பத்தொன்பதாயிரம் ஆகும் சார்" என்றார்கள், காரைப் பார்க்காமலே. ஜோசியர்கூட ஜாதகத்தைக் கேட்பார்!

லாரிக்கு பாடி கட்டியே பேர் வாங்கிய ஊர் நாமக்கல். லாரி பட்டறைகளுக்கு நடுவே ஒரு சின்ன கார் ஷெட். அங்கிருந்த பெரியவர் முதலில் வீல் நட்டுகளை முறுக்கிப் பார்த்தார். டயர் இடுக்கில் கல் இருக்கிறதா என்று தடவினார். (கல்லாக இருந்தால் நேரே போகும்போதும் சத்தம் வரும்.) அப்புறம் காலி மைதானத்தைக் காட்டி, "எட்டு போடுங்க தம்பி" என்றார். லைசென்ஸுக்குப் போட்டதோடு சரி, மறுபடி போட்டேன். எட்டில் வலதும் உண்டு, இடதும் உண்டு. வலது சுற்றில் மட்டும் டக்டக். மகளின் நோட்டுக் கணக்கு சரி!

ஜாக்கி போட்டு, அச்சைப் பிடித்து முறுக்கினார். ஆட்டம் தெரிந்தது. பிரித்ததும் உள்ளே கறுப்புச் சேறு. கிண்ணத்துப் பள்ளத்தில் நகத்தை வைத்துத் தேய்க்கச் சொன்னார், தட்டியது. "சத்தம் வந்தாச்சுன்னா கிரீஸ் வெச்சுப் பிரயோஜனமில்ல தம்பி, ஜாயின்ட்டையே மாத்தோணும்." வலது பக்கம் உறையில் மெல்லிய வெடிப்புதான், கிரீஸ் வெளியே வரவில்லை. அதற்கு உறையும் கிரீஸும் மட்டும். இடது பக்கம் 2,900 ரூபாய், வலது பக்கம் 650. உறைக்குள் டார்ச் அடித்துப் பார்க்க நிமிஷம்கூட ஆகாது. வண்டி கழுவும்போதெல்லாம் பார்க்கச் சொன்னார்.

மறுபடி ஒரு எட்டு. இந்தத் தடவை டிக்கியில் மலை அன்னாசிப்பழம் உருண்ட சத்தம் மட்டும்தான் கேட்டது.