ஜன்னலோரப் பனிப்பூக்கள்

ஊட்டிக்குக் கீழே ஒரு பள்ளத்தில் அந்தக் குடும்பத்துக்கு அரை ஏக்கர். கேரட், பீன்ஸ் போடுவார்கள். மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த வருடம், மருமகள் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். காலமெல்லாம் காட்டு வேலை பார்த்தவருக்கு இனி அந்த ஜன்னல் அளவு வாசல்தான் உலகம். வாசலில் டேலியாவும் சால்வியாவும் பூத்துக் கிடந்தன.

டிசம்பர் கடைசியில் மேகமோ காற்றோ இல்லாத ஓர் இரவு. விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளை. குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் வந்து தேங்கும் என்பதால் மேட்டு வீடுகள் தப்பின. இங்கே வெயில் ஏறியதும் எல்லாச் செடியும் வெந்நீர் ஊற்றியது போலக் கருகித் தொங்கியது.

"டேலியாவைப் பிடுங்கிப் போடாத கண்ணு. தண்டை வெட்டு, கிழங்கு சாகாது" என்றார் மாமியார். சொன்னபடியே கோடையில் துளிர்த்தது. ஆனால் அதுவரை ஜன்னலில் கறுத்த தண்டுகள்தான். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கினார். மருமகளுக்கு அதுதான் தாங்கவில்லை.

அடுத்த ஆகஸ்டில் பேன்சி, ஆன்டிரைனம், காலண்டுலா விதை வாங்கினார். பேன்சி பூக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். குளிர் வந்தபிறகு விதைத்தால் நாற்று வளராமல் அப்படியே நிற்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆன்டிரைனம் விதை தூள் மாதிரி இருக்கும், முளைக்க வெளிச்சம் வேண்டும். கேரட்டுக்குச் செய்வதுபோல மண் போட்டு மூடியதில் ஒன்றும் முளைக்கவில்லை. மறுமுறை மண்மேல் தூவி, உள்ளங்கையால் அழுத்தி மட்டும் விட்டார், வந்தது. பேன்சிக்கு நேர்மாறு. அதை மெல்லிய மண்ணால் மூட வேண்டும்.

கேரட்டுக்கு வாங்கிய யூரியாவில் மீதியை நாற்றுக்கும் போட்டார். கரும்பச்சை இலைகளை ஜன்னல் வழியாகப் பார்த்த மாமியார், "கொழுத்த இலை பனிக்கு நிக்காதுங்கண்ணு" என்றார். உண்மைதான். குளிர் சிறிது சிறிதாகக் கூடும்போது இந்தச் செடிகள் இலைச்சாற்றில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளும். உறைவதைத் தாங்கும் பலம் அதில்தான் இருக்கிறது. யூரியாவில் ஊதிய இளந்தளிருக்கு அது வாய்ப்பதில்லை. அதோடு யூரியா நின்றது.

பகலில் மண் நனையத் தண்ணீர் விட்டார். ஈரமண் பகல் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் விடும். சாயங்காலம் நாற்றுகள்மேல் கோத்தகிரி மிலார் கிளைகளைப் பரப்பினார், அரசுத் தாவரவியல் பூங்காவில் செய்வது போலவே. பிளாஸ்டிக் தாளும் போட்டுப் பார்த்தார். தாள் தொட்ட இலையெல்லாம் கருகியது.

செடிகள் பூவெடுத்ததும் கிளைகளை எடுத்துவிட்டார். அந்த வாரமே உறைபனி விழுந்தது. விடிகாலையில் பேன்சி முழுக்கத் தரையோடு படுத்துக் கிடந்தது. மருமகள் அழாத குறையாக உள்ளே வந்து, "இதுவும் போச்சு அத்தை" என்றார்.

"வெயில் வரட்டும், தொடாத" என்றார் மாமியார்.

பத்து மணிக்குள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. மஞ்சள், ஊதா, நடுவில் கறுப்பு முகம். மாமியார் தலையணையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னார்.