அசோர்ஸ் தீவுகளில் – 4: அடுத்தவர் படகைத் தாண்டித்தான் கரை

மே மாதக் கடைசியில் ஓர்ட்டா மரீனாவுக்கு வந்து சேரும் பாய்மரப் படகுக்காரர்கள், அடுத்தவர் படகில் கால் வைக்காமல் கரையேற முடியாது. சுமார் 300 படகுகளுக்கு இடம் உண்டு என்கிறார்கள். உண்டுதான். ஆனால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் வந்து போகும் ஊரில், அவற்றில் பெரும்பகுதி இந்தச் சில வாரங்களில் ஒன்றாக வந்து குவிந்தால் என்ன செய்வது? சுவரோரம் ஒன்றைக் கட்டி, அதன் விலாவில் இன்னொன்றைக் கட்டி, அதன் விலாவில் மூன்றாவதையும் கட்டிவிடுகிறார்கள். கடைசிப் படகில் இருப்பவர் பால் வாங்கப் போனாலும் மற்ற படகுகளின் மேல்தட்டுகளைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அதற்கும் ஒரு மரியாதை உண்டு. அணியத்துப் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடும் பின்பக்கம் வழியாக நுழைவது, திண்ணை இருக்க அடுக்களை வழியாகப் போவதற்குச் சமம். இருட்டிய பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது உத்தமம்.

இத்தனை பேரும் ஒரே நேரத்தில் வரக் காரணம் காற்று. வட அட்லாண்டிக்கில் அசோர்ஸ் பக்கமாக நிலைகொள்ளும் உயர் அழுத்தத்தைச் சுற்றிக் காற்று வலமாகச் சுழல்கிறது. குளிர்காலத் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து கனேரித் தீவுகள் வரை இறங்கி, அங்கே வீசும் வணிகக் காற்றைப் பிடித்துக் கரீபியனுக்குப் போய்விடுகிறார்கள். ஜூனில் அங்கே சூறாவளிப் பருவம் தொடங்கிவிடும். அதற்குள் கிளம்பியாக வேண்டும். வந்த வழியே திரும்பினால் எதிர்க்காற்று. அதனால் முதலில் வடக்கே ஏறி, மேற்கிலிருந்து வீசும் காற்றைப் பிடித்துக் கிழக்கே வருகிறார்கள். பெர்முடாவிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 1,800 கடல் மைல். அசோர்ஸ் தீவுகள் தென்படும் வரை கரை என்று எதுவும் கிடையாது. அழுத்தத்தின் நடுப்பகுதியில் மாட்டிக்கொண்டால் காற்றே இருக்காது. டீசலை எரித்து, அது தீரும் தறுவாயில் வந்து சேர்கிறவர்களும் உண்டு.

வந்ததும் இறங்கி நடந்துவிட முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் படகு மஞ்சள் கொடியோடுதான் நுழைய வேண்டும். வரவேற்புத் துறையில் கட்டிவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் அலுவலகங்களில் கடவுச்சீட்டு, சுங்கம், மரீனா பதிவு எல்லாம் முடித்த பிறகு மஞ்சளை இறக்கிப் போர்ச்சுகல் கொடியை ஏற்றுகிறார்கள். அதன்பின் எல்லோரும் தேடுவது ஒன்றுதான்: குளியலறை. அடுத்தது சலவை இயந்திரம்.

மிதவைத் தளத்தில் ஒரு பெண்மணி பாயை விரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் தோல்பட்டை ஒன்று. அதில் பதித்த உலோகத் தகட்டில் ஊசியின் காதை வைத்து, கை முழுவதன் பலத்தோடு அழுத்துகிறார். கோணி ஊசியை விடத் தடிமனான ஊசி, மடித்துத் தைத்த பாயின் ஓரத்தில் ‘கிறீச்’ என்று இறங்குகிறது. “துணிக்கு ஒன்றுமில்லை. நூல்தான் வெயிலில் இற்றுவிட்டது” என்றார். இழுத்துக் காட்டினார், பழைய தையல் விரலோடு பொடிந்து வந்தது. விட்ட இடங்களில் எல்லாம் பழைய துளையிலேயே ஊசியை விட்டுக்கொண்டு போனார். புதுத் துளை போட்டால் துணி பலமிழக்கும்.

அவருக்குப் பின்னால் இருந்த சுவரைச் சொல்ல வேண்டும். சுவர் மட்டுமல்ல, தரை, படி, தூண் என்று இடம் கிடைத்த இடமெல்லாம் ஓவியங்கள். படகின் பெயர், ஆண்டு, வந்தவர்கள் பெயர், ஒரு திமிங்கிலமோ திசைகாட்டியோ. இங்கே தன் அடையாளத்தை வரையாமல் புறப்படும் படகுக்குக் கடலில் கெடுதல் வரும் என்பது நம்பிக்கை. நம்பாதவர்களும் வரைந்துவிடுகிறார்கள், எதற்கு வம்பு என்று. மழையும் உப்பும் சில ஆண்டுகளில் அரித்துவிடும். அப்படி மங்கியதன் மேல்தான் புதியது வரையலாம். ஒரு இளம் தம்பதி கம்பித் தூரிகையால் சுரண்டி வெள்ளை அடித்து முடித்ததும் தூறல் பிடித்துக்கொண்டது. பக்கத்துப் படகிலிருந்து யாரோ தார்ப்பாய் நீட்டினார்கள்.

மாலையில் எல்லோரும் போகுமிடம் பீட்டர் கஃபே ஸ்போர்ட். 1918இல் தொடங்கிய குடும்பக் கடை. மாலுமிகளுக்கு வரும் கடிதங்களை வாங்கி வைத்திருந்து கொடுத்ததால் பெயர் பெற்றது. உத்தரத்தில் கொடிகள் நெரிசலாகத் தொங்குகின்றன, கீழே ஆட்களும் அப்படியே. ஜின் டானிக்கைப் புகழாத பயண நூல் இல்லை. எனக்கென்னவோ மாடியில் திமிங்கிலப் பற்களில் செதுக்கிய ஓவியங்களின் அருங்காட்சியகம்தான் பிடித்தது. இந்தத் தீவுகளில் திமிங்கில வேட்டை 1980கள் வரை நடந்தது.

ஓர்ட்டாவின் பிழைப்பே அடுத்தவர் வேகக் குறைவில்தான் என்று எனக்குத் தோன்றியது. 1893இலிருந்து கடலடித் தந்திக் கம்பிகள் இங்கே கரையேறின. ஒரே வீச்சில் சமிக்ஞை அட்லாண்டிக்கைக் கடக்க முடியாத காலம். நடுவில் வாங்கித் திருப்பி அனுப்ப ஆள் வேண்டியிருந்தது. பிரிட்டிஷ், ஜெர்மன், அமெரிக்கக் கம்பெனிகள் குடியிருப்புகளே கட்டின. தொழில்நுட்பம் வளர்ந்தது, 1969இல் கடைசி நிலையமும் மூடப்பட்டது. விமானங்களும் அப்படித்தான். அட்லாண்டிக்கை முதலில் கடந்த அமெரிக்கக் கடற்படையின் என்.சி.-4 கடல் விமானம் 1919 மே மாதம் இறங்கியது இந்தத் துறைமுகத்தில். பிறகு பான் ஆம் நிறுவனத்தின் ‘கிளிப்பர்’ கடல் விமானங்கள் வந்தன. எங்கும் நிற்காமல் பறக்கும் விமானங்கள் வந்ததும் அந்தத் தொழிலும் போயிற்று. காற்றை நம்பி மணிக்கு ஐந்தாறு கடல் மைல் போகிறவர்கள் மட்டும் இன்னும் நிற்கிறார்கள். இந்த மரீனா திறந்தது 1986இல்தான்.

தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம் 1895 ஜூலையில் ‘ஸ்ப்ரே’ படகோடு இங்கே நின்றார். ஊரார் கொடுத்த பிளம் பழங்களையும், அமெரிக்கத் தூதரக அதிகாரி கொடுத்த, எதிர்த் தீவான பீக்கோவின் பாலாடைக்கட்டியையும் கடலில் சேர்த்துச் சாப்பிட்டு வயிற்றுவலியில் சுருண்டு விழுந்தார். கொலம்பஸின் ‘பிண்டா’ கப்பல் மாலுமி வந்து சுக்கான் பிடித்ததாக அவருக்குத் தோன்றியதாம். தெளிந்து பார்த்தபோது படகு சரியான திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. பிளம் பழங்களைக் கடலில் எறிந்துவிட்டார்.

இப்போது படகுக்குப் படகு செயற்கைக்கோள் இணையம். கடிதத்துக்காக யாரும் பீட்டர் கடைக்குப் போவதில்லை. ஆனால் வடக்கே ஒரு தாழ்வழுத்தம் கடந்துகொண்டிருப்பதை அந்த இணையமே காட்டுவதால், வியாழன் வரை யாரும் கயிறு அவிழ்ப்பதாக இல்லை. எனக்கு அந்தக் கவலை கிடையாது. எதிர்க்கரையில் பீக்கோவின் மதலேனாவுக்கு இயந்திரப் படகு அரை மணி நேரம்தான். எரிமலைக் கற்களை அடுக்கி வேலி கட்டி, கொடிமுந்திரியைக் கடற்காற்றிலிருந்து காப்பாற்றும் தோட்டங்கள் அங்கே இருக்கின்றன. அடுத்த வாரம் அங்கே போகலாம்.