பனிவழியில் ஒரு பழைய ஊர்தி

வெண்பனி மூடும் நாடுகளில் குளிர்காலம் என்பது வெறும் பருவமன்று. ஊருக்கும் ஊருக்கும் இடையே எழுந்து நிற்கும் மதில். அம்மதிலைக் கடக்கப் பிறந்ததே 'ஸ்னோமொபைல்' எனப்படும் பனியூர்தி. முன்னே திசை காட்டும் சறுக்குப் பலகைகள். பின்னே சுழன்றோடும் அகன்ற ரப்பர்ப் பட்டை. இடையே ஓர் இயந்திரம். இவ்வளவுதான் அதன் வடிவம்.

அதன் வரலாற்றில் ஒரு தந்தையின் துயரம் கலந்திருக்கிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்திலுள்ள வால்கூர் என்னும் சிற்றூரில் 1907-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் நோய் முற்றியது. பாதைகளோ பனியில் புதைந்து கிடந்தன. தந்தை முயன்று வந்த பனிவண்டி இன்னும் முழுமை பெறவில்லை. மருத்துவமனையை எட்ட இயலாமற் குழந்தை இறந்தது. அவர் முயற்சியைக் கைவிட்டாரில்லை. 1937-இல் எழுவர் செல்லத்தக்க வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1959-இல் 'ஸ்கி-டூ' என்னும் இலகுவான ஊர்தி வெளிவந்தது.

இன்று அவ்வூர்தியை வைத்திருக்கும் குடும்பங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. பழையதைச் செம்மை செய்வதா, புதியதை வாங்குவதா? காட்டிலிருந்து விறகு இழுத்துவரும் ஒரு முதியவரையும் அவர் மகனையும் எண்ணிப் பார்க்கலாம். "இவ்வண்டியின் ஒவ்வோர் ஆணியும் எனக்குத் தெரியும்" என்பார் தந்தை. "தெரிந்து என்ன பயன்? நடுவழியில் நின்றுவிட்டால்?" என்பான் மகன். இருவர் பேச்சிலும் உண்மை உண்டு.

பழைய ஊர்திகளிற் பெரும்பாலானவை கார்புரேட்டர் பொருத்திய எளிய இயந்திரம் உடையவை. ஸ்பார்க் பிளக் கெட்டாலும், இயக்கு பெல்ட் அறுந்தாலும், உதிரி கையிலிருந்தால் வழியிலேயே மாற்றிவிடலாம். புதியவற்றில் மின்னணுக் கருவி எரிபொருளை அளந்து செலுத்துகிறது; குளிருக்கும் மலையுயரத்திற்கும் ஏற்பத் தானே சரிசெய்துகொள்கிறது. அதிர்வைத் தாங்கும் அமைப்பும் மேம்பட்டிருக்கிறது. ஆனால், அதன் மின்னணுப் பகுதி பழுதுபட்டால் காட்டில் அமர்ந்து சீர்செய்தல் அரிது.

பழையதைத் திருத்துவதிலும் ஓர் எல்லை உண்டு. தேய்ந்த பட்டையையும், சறுக்குப் பலகையின் அடிக்கம்பியையும், அதிர்வு தாங்கிகளையும் மாற்றுவது அறிவுடைமை. மென்பனிக்காக ஆழமான பற்களுள்ள பட்டையைப் பூட்ட விரும்பினாலோ, உடற்சட்டத்தினுள் அதற்கு இடம் வேண்டும். பட்டையை நீட்டினால் சட்டத்தையும் நீட்ட வேண்டும். இயந்திர வலிமையைக் கூட்டினால், பழைய பிரேக் அதனைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஒன்று மற்றொன்றை இழுக்கும். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்றாகிவிடும். செலவிட்ட தொகை விற்கும்போது திரும்பி வருவதும் அரிது.

ஆதலின் பணத்தை எடுக்குமுன் வண்டியைச் சோதிக்க வேண்டும். சிலிண்டர்களின் அழுத்தம் போதுமானதாகவும் ஒன்றுக்கொன்று ஒத்தும் இருக்கிறதா? சட்டத்தில் விரிசல் உண்டா? உதிரிப் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றனவா? இவற்றிற்கு நல்ல விடை கிடைத்தால், தந்தையின் பக்கம் நியாயம் இருக்கிறது. சிறு செலவோடு வண்டி இன்னும் பல பருவம் உழைக்கும். இயந்திரமும் சட்டமும் ஒருங்கே தளர்ந்திருந்தால், மகன் சொல்வதைக் கேட்பதே நன்று. அப்போதும் புத்தம் புதியதுதான் வேண்டுமென்பதில்லை; நன்கு பேணப்பட்ட, சில ஆண்டுகளே ஓடிய வண்டியும் போதும்.

பழமையின் மேல் கொண்ட பற்றும் புதுமையின் மேல் கொண்ட மோகமும் இவ்வினாவிற்கு விடையாகா. உறைகுளிரில், ஆளரவமற்ற காட்டில் இயந்திரம் நின்றுபோனால் உயிரே ஊசலாடும். 1934-ஆம் ஆண்டின் அந்தக் குளிர்காலத்தில் ஒரு தந்தைக்கு வேண்டியிருந்தது பகட்டான வண்டியன்று. போய்ச் சேரும் வண்டி. போய்ச் சேருமா, வீடு திரும்புமா என்பதே இன்றும் கேட்க வேண்டிய முதற்கேள்வி. விலையைப் பற்றிய கேள்வி அதற்குப் பின்னரே வரும்.