கான்டெஸாவுக்குள் எந்த எஞ்சின்? வேலூர் - ஆம்பூர் சாலையில் ஒரு பழைய காரின் கதை!

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலை 48-ல் ராணிப்பேட்டையைத் தொட்டுவிட்டால், அடுத்தடுத்து வருவதெல்லாம் தோல் ஊர்கள்தான். மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி... ஒரு பக்கம் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் பாலாறு. இன்னொரு பக்கம் மொட்டைப் பாறை மலைகள். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஆம்பூருக்குள் நுழைந்தால், ஷூ கம்பெனிகளில் இருந்து கூட்டம் கூட்டமாகப் பெண்கள் வெளியே வருவதைப் பார்க்கலாம்.

வெளியூர்க்காரர்கள் இந்த வழியில் வண்டியை நிறுத்துவது இரண்டே காரணங்களுக்காகத்தான். வேலூரில் கோட்டை; ஆம்பூரில் சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காய் தொக்கும். பழைய கார் பிரியர்களுக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு. வேலூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய மெக்கானிக் ஷெட்கள். லாரிகளுக்கு நடுவே, தார்ப்பாய்க்குக் கீழே ஏதாவது ஒரு பழைய கார் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு ஷெட்டில் இருந்தது, நீளமான பானெட், நான்கு உருண்டை விளக்குகள் கொண்ட ஒரு கான்டெஸா. ஆம்பூரைச் சேர்ந்த ஒரு தோல் வியாபாரக் குடும்பத்தின் வண்டி. 1980-களில் தாத்தா வாங்கியது. ஆம்பூருக்கும் சென்னை பெரியமேட்டின் தோல் மண்டிகளுக்கும் இடையே ஓடி ஓடிக் கிலோமீட்டர் முள்ளே களைத்துப்போன வண்டி. இப்போது பேரன் கேட்கிறார்: "இதில் பெரிய ஜப்பான் எஞ்சின் ஒன்றை மாட்டிவிடலாமா?" அப்பா சொல்கிறார்: "கூடாது."

உலகம் முழுக்கப் பழைய கார் பிரியர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் கேள்வி இது. பெரிய எஞ்சின் தொழிற்சாலையிலேயே வந்ததா, வெளியே மாட்டியதா?

இந்தியாவின் 'மஸில் கார்'

கான்டெஸாவை 'இந்தியாவின் மஸில் கார்' என்று ரசிகர்கள் செல்லமாகச் சொல்வதுண்டு. உருவம் அப்படி. ஆனால், ஆரம்பத்தில் உள்ளே இருந்த எஞ்சின் அப்படியல்ல.

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ்தான், 1984-ல் கான்டெஸாவையும் கொண்டுவந்தது. பாடி, இங்கிலாந்தின் வாக்ஸால் நிறுவனம் 1970-களில் தயாரித்த காரை அடிப்படையாகக் கொண்டது. எஞ்சினோ அம்பாசடரில் இருந்த அதே 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். சுமார் 50 குதிரைத்திறன். பயில்வான் உடம்பு, பள்ளிக்கூடப் பையன் மூச்சு!

இந்தக் குறையைக் கம்பெனியே உணர்ந்தது. ஜப்பானின் இசுஸு நிறுவனத்தோடு கைகோத்து, 1980-களின் இறுதியில் 1817 சி.சி. எஞ்சினையும் ஐந்து கியர் பாக்ஸையும் பொருத்தியது. பின்பக்கம் '1.8' என்ற எழுத்தோடு வந்த அந்த வண்டிதான் கான்டெஸாவுக்கு மரியாதையைத் தேடித் தந்தது. பிறகு இசுஸு டீசலும் வந்தது. 2002-ல் தயாரிப்பு நின்றது.

இடைப்பட்ட காலத்தில் ஊர் ஊராக ஷெட்களில் இன்னொரு கதை நடந்தது. 1489 சி.சி. வண்டி வைத்திருந்தவர்கள் புது கார் வாங்கவில்லை; விபத்தில் சிக்கிய 1.8 வண்டியின் எஞ்சினை வாங்கித் தங்கள் வண்டியில் மாட்டினார்கள். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாதவர்கள் டீசலுக்கு மாறினார்கள். மெட்டடோர் வேன் எஞ்சின் ஏறிய அம்பாசடர்களை அந்தக் கால டிரைவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஆம்பூர் கான்டெஸாவுக்கும் அதுவே நடந்தது. 1990-களில் அப்பா அதற்கு இசுஸு 1.8 எஞ்சினை மாட்டினார். வண்டி பறந்தது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இன்னமும் 1489 என்றுதான் இருக்கிறது.

டீலர் மாட்டிய எஞ்சின்

இதே கதை அமெரிக்காவில் இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1960-களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. கார்வெட் தவிர, நடுத்தர, சிறிய கார்களில் 400 கன அங்குலத்துக்கு, அதாவது சுமார் 6.5 லிட்டருக்கு மேல் எஞ்சின் கூடாது. 1967-ல் வந்த செவ்ரோலே கமாரோவுக்கும் அதுவே விதி.

பென்சில்வேனியா மாநிலத்தில் கேனன்ஸ்பர்க் என்ற சிற்றூரின் செவ்ரோலே டீலர் டான் யென்கோ, ஒரு ரேஸ் ஓட்டுநரும்கூட. அவர் புதுக் கமாரோக்களின் எஞ்சினைக் கழற்றி, 427 கன அங்குல, அதாவது 7 லிட்டர் எஞ்சினைத் தன் ஒர்க்‌ஷாப்பிலேயே மாட்டி விற்றார். வேறு சில டீலர்களும் இதைச் செய்தார்கள்.

1969-ல் ஒரு திருப்பம். போலீஸ், டாக்ஸி போன்ற மொத்த வாடிக்கையாளர்களுக்காக வைத்திருந்த 'கோப்போ' என்ற சிறப்பு ஆர்டர் வழியைப் பிடித்து, 427 எஞ்சினைத் தொழிற்சாலையிலேயே மாட்ட வைத்தார் யென்கோ. அதே ஆண்டு, அதே வழியில், முழுக்க அலுமினியத்தாலான எஞ்சினோடு 69 கமாரோக்கள் மட்டும் வெளிவந்தன.

இன்று இரண்டு வகைக்கும் ஏலத்தில் கோடிகளில் விலை. டீலர் மாட்டியது என்பதால் யென்கோ கார் மட்டமாகிவிடவில்லை. காரணம், எந்தக் காரில் எந்த எஞ்சின் யாரால் மாட்டப்பட்டது என்பதற்குக் காகிதம் இருக்கிறது. காகிதம் இல்லாத கார், அதே எஞ்சினோடு இருந்தாலும், வெறும் நகல்.

"நம்பர் பேசும் தம்பி!"

ஷெட்காரர் அறுபதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் 'பாய்'. "எது நல்லது பாய், கம்பெனி எஞ்சினா, ஷெட்ல மாட்டினதா?" என்று கேட்டேன். சிரித்தார்.

"எஞ்சினை எவன் வேணா மாட்டுவான் தம்பி. கம்பெனிக்காரன் எஞ்சினை மட்டும் மாட்ட மாட்டான். கியர் பாக்ஸ், ரேடியேட்டர், பிரேக்கு, மவுண்ட்டு எல்லாத்தையும் அதுக்கேத்த மாதிரி மாத்துவான். ஷெட்ல பாதிப் பேரு எஞ்சினை ஏத்திட்டு பழைய பிரேக்கோட அனுப்பிருவாங்க. வண்டி ஓடும். நிக்கணுமே!"

பானெட்டைத் திறந்து காட்டினார். எஞ்சின் மவுண்ட்டில் வெல்டிங் தழும்பு. எஞ்சினோடு சேர்ந்து வராத ஒயர்கள் டேப் சுற்றிக் கிடந்தன. "வேலை சுத்தமா இருக்கு. ஆனா எழுத்துல இல்லை. எழுத்துல இல்லாததுக்கு நாளைக்கு யாரு ஜவாப் சொல்றது? நம்பர் பேசும் தம்பி, நாம பேசினா எடுபடாது."

ஆம்பூருக்கு இது புதிய பாடம் அல்ல. இந்த ஊரில் ஒரு ஷூவின் மேல்பாகம் ஓரிடத்தில் தைக்கப்படும். சோல் வேறோரிடத்தில் ஒட்டப்படும். பெட்டியில் வெளிநாட்டுப் பெயர் ஏறும். யார் செய்தாலும் தோல் எந்த லாட், எந்த ஆர்டர் என்ற கணக்கு கூடவே போக வேண்டும். கணக்கு விட்டுப்போன சரக்கை வாங்குபவர் ஏற்க மாட்டார். தோல் ஷூவுக்கு இருக்கும் அந்தக் கணக்கு, வீட்டுக் காருக்கு இல்லாமல் போனதுதான் இந்தக் குடும்பத்தின் சிக்கல்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இன்ஷூரன்ஸிலும் ஆபத்து உண்டு. ஆர்.சி.யில் ஒரு எஞ்சின், வண்டியில் வேறு எஞ்சின் என்றால் விபத்துக்குப் பிறகு க்ளெய்ம் சிக்கலாகும்.

இன்னொரு விதியும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு 'வின்டேஜ்' வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். பதிவெண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டும் ஓட்டலாம். தினசரி ஓட்டக் கூடாது.

1984-ல் வந்த முதல் கான்டெஸாக்களுக்கு 2034-ல் 50 வயது. அன்றைக்கு அந்த வரிசையில் நிற்கப்போவது 50 குதிரைத்திறன் 'சோம்பேறி' எஞ்சினோடு இருக்கும் வண்டிதான்!

இதைக் கேட்டதும் பேரனின் முகம் மாறியது. பிறகுதான் அப்பா சொன்னார். கழற்றிய 1489 எஞ்சினை அவர் பழைய இரும்புக்குப் போடவில்லை. அது தோல் கிடங்கின் மூலையில், சாக்கு மூடி, கிரீஸ் தடவி இருக்கிறது. ஜப்பான் எஞ்சின் பேச்சு அதோடு நின்றது. முதலில் பழைய எஞ்சினை இறக்கிப் பார்ப்பது என்று முடிவானது. இசுஸுவை விற்க மட்டும் அப்பா சம்மதிக்கவில்லை.

பழைய கார் வாங்கப்போகிறீர்களா?

* ஆர்.சி.யில் சி.சி. என்ன என்று பாருங்கள். கான்டெஸா பெட்ரோல் என்றால் 1489 அல்லது 1817. பானெட்டுக்குள் இருப்பதும் அதுவும் ஒன்றுதானா?

* எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் நீங்களே துடைத்துப் படியுங்கள். விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவை நம்பாதீர்கள்.

* பின்பக்கத்து '1.8' எழுத்தை யாரும் ஒட்டலாம். ஐந்து கியர் இருக்கிறதா, மவுண்ட்டில் வெல்டிங் இருக்கிறதா என்று பாருங்கள்.

* எஞ்சின் மாறியிருந்தால், ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் இருக்கிறதா என்று கேளுங்கள். 'அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்' என்றால், வண்டியை அவரிடமே விட்டுவிடுங்கள்.

* தோல் சீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். தோல் ஊரில் நல்ல சீட் போடுவது சுலபம். நல்ல பிரேக் போடுவதுதான் கஷ்டம்.

* உங்கள் வீட்டிலேயே பழைய கார் இருந்தால், கழற்றிய அசல் பாகங்களைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்று ஒரு நோட்டில் எழுதி, பில்களோடு ஆர்.சி. கவரிலேயே வையுங்கள்.

தாத்தாக்கள் 'பிளஷர்' என்று சொன்ன கார்கள் இன்னும் பல வீட்டு ஷெட்டுகளில் நிற்கின்றன. அவற்றின் கதை தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துவிட்டால், பேரன் எந்த எஞ்சினைத் தேர்ந்தெடுத்தாலும் கையில் சான்று இருக்கும்.